நாடி பார்த்த விரலும் அமுக்கம் அளக்கும் பட்டியும்

கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களிலும் பேசப்படும் தமிழில் பிரஷரை எவரும் அளப்பதில்லை, பிரஷர் பார்க்கிறார்கள். நாடி பார்த்தல், காய்ச்சல் பார்த்தல் என்று முன்பே வழங்கிய வரிசையில் பிரஷர் பார்த்தலும் வந்து சேர்ந்துகொண்டது. இதயம் வெளித்தள்ளும் குருதி, தான் ஓடும் குழாய்களின் சுவர்மீது செலுத்தும் விசையைக் குறிப்பதற்கு இலங்கையின் பாடநூல்கள் 'குருதியமுக்கம்' என்னும் கலைச்சொல்லை ஆக்கிக்கொண்டன. அக்குழாய்களுக்கோ, வைத்தியர் மணிக்கட்டில் தொட்டுணர்ந்த துடிப்புக்கு வழங்கிவந்த 'நாடி' என்ற பழஞ்சொல்லையே எடுத்து வைத்துக்கொண்டன. இவ்வாறு பாடநூல் தமிழிலும் பேச்சுத் தமிழிலும் பழைய நாடி வைத்தியத்தின் தடம் அழியாமல் கிடக்கிறது. ஆயினும் பார்த்தலும் அளத்தலும் ஒரே செயல் அல்ல. பார்த்தல் என்பது அறிந்தவர் ஒருவர் அறியாத ஒருவருக்குச் செய்வது. அதன் முடிவு பார்த்தவரின் தேர்ச்சியில் தங்கியிருப்பது. அளத்தல் என்பது முன்னரே உடன்பட்ட நிபந்தனைகளின்படி யார் செய்தாலும் ஏறத்தாழ ஒரே விடையைத் தர வேண்டியது. கடந்த இரண்டு நூற்றாண்டுகளில் இம்மலைநாட்டில் குருதியமுக்கம் வைத்தியரின் விரலிலிருந்து அவருடைய காதுக்கும், காதிலிருந்து பொறிக்கும், வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கும் இடம்பெயர்ந்து வந்துள்ளது. கருவி கைமாறிய வேகத்துக்கு ஈடாக, அளவை மெய்யாக்கும் நிபந்தனைகள் கைமாறவில்லை என்பதே இந்த வரலாற்றை எழுதத் தூண்டும் கவலை.

நாடி வைத்தியத்தில் அந்நிபந்தனைகள் இருந்தன. பெருவிரலின் அடியில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, மூன்று விரல்களை வரிசையாக வைத்து, சுட்டுவிரலில் வாதத்தையும் நடுவிரலில் பித்தத்தையும் மோதிரவிரலில் ஐயத்தையும் உணர்வது சித்த மரபு. சிங்கள வைத்தியர்களும் ஆயுர்வேத வழியில் வாத, பித்த, சேத்துமம் என்ற அதே மும்மையைக் கொண்டு நாடி பார்த்தனர். கண்டி இராச்சியத்தில் அரசருக்கென்று 'பெஹெத்கே' எனப்பட்ட மருந்துச்சாலை ஒன்று அரண்மனை நிருவாகத்தின் ஓர் உறுப்பாகவே இயங்கியது. இம்மரபுகள் நாடிக்குக் கற்பித்த விளக்கத்தை இன்றைய உடற்றொழிலியல் ஏற்பதில்லை. ஆனால் நாடியை எப்போது பார்க்கலாகாது என்று அவை வகுத்த விதி கூர்ந்து நோக்கத்தக்கது. உண்டவுடன் பார்க்கலாகாது, எண்ணெய் தேய்த்து முழுகியவுடன் பார்க்கலாகாது, வழிநடந்து களைத்தோ உடல் வருந்தி உழைத்தோ வந்தவுடன் பார்க்கலாகாது, வெறும் வயிற்றோடு அமைதியாக இருக்கும் காலை வேளையே தக்கது என்று அவை கூறின. துடிப்பு என்பது உடலின் நிலையான குணம் அன்று, அந்தந்த வேளையின் செயலுக்கேற்ப மாறுவது என்ற அறிவு அவ்விதியில் அடங்கியிருந்தது. வீட்டில் குருதியமுக்கம் அளப்போருக்கு இன்றைய மருத்துவச் சங்கங்கள் வழங்கும் அறிவுரையின் முதற்பகுதியும் ஏறக்குறைய அதுவே.

மனித உடலின் நிலையை எண்ணாகக் குறிக்கும் பழக்கத்தை இத்தீவின் உட்பகுதிக்குக் கொண்டு வந்தவர்களுள் முக்கியமானவர் ஜோன் டேவி. வேதியியலறிஞர் ஹம்ப்ரி டேவியின் தம்பியான இவர், கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் வசமான மறு ஆண்டில் இராணுவ வைத்தியராக இலங்கைக்கு வந்து, 1820 வரை தங்கி, தாம் கண்டவற்றை 1821இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். வெப்பமானியை நாவின் கீழ் வைத்து, தீவின் பல்வேறு மக்களின் உடல் வெப்பத்தை அளந்து, குளிர் நாடுகளில் கிடைத்த அளவுகளோடு ஒப்பிட்டது அவருடைய ஆய்வுகளில் ஒன்று. ஒரே கருவி, ஒரே இடம், ஒரே முறை, பல மனிதர்கள் என்ற ஒழுங்கே அவருடைய பங்களிப்பு. உடலின் வெப்பம் இவ்வாறு எண்ணாகிவிட்ட அந்தக் காலத்தில், குருதியின் அமுக்கத்தை உயிருள்ள மனிதரிடம் அறுவையின்றி அளக்கும் வழி உலகில் எங்கும் இருக்கவில்லை.

அமுக்கத்தை அளந்த முதல் முயற்சி இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் சமயகுரு செய்தது. ஒரு பெண்குதிரையைக் கீழே கிடத்திக் கட்டி, அதன் தொடை நாடியில் குழாயைச் செருகி, அதனோடு பொருத்திய நீண்ட கண்ணாடிக் குழாயில் குருதி எட்டடி மூன்று அங்குலம் உயர்ந்ததை அவர் 1733இல் வெளியான நூலில் பதிவுசெய்தார். இவ்வளவு நீண்ட குழாயைத் தவிர்க்கும் பொருட்டு, குருதியைவிடப் பல மடங்கு அடர்த்தியான பாதரசத்தைப் பயன்படுத்தும் அமுக்கமானியைப் பிரான்சில் புவசே 1828இல் அமைத்தார். இன்றுவரை குருதியமுக்கம் பாதரச மில்லிமீற்றரில் சொல்லப்படுவதற்கு அதுவே தொடக்கம். ஹேல்ஸ் கண்ட உயரத்தைப் பாதரசமாக மாற்றினால் ஏறத்தாழ 190 மில்லிமீற்றர் வரும். கட்டுண்டு, அச்சத்திலும் வலியிலும் கிடந்த ஒரு விலங்கின் அளவு அது என்பதை மறந்துவிடலாகாது. அளக்கும் செயலே அளவை உயர்த்திவிடும் என்னும் சிக்கல் இந்தக் கருவியின் பிறப்பிலேயே இருந்தது.

இத்தாலியின் தூரின் நகரில் சிப்பியோனே ரிவா-ரொச்சி 1896இல் வெளியிட்ட முறையே இன்றைய கைப்பட்டிக்கு மூலம். மேற்கையைச் சுற்றி ஒரு இறப்பர்ப் பட்டியைக் கட்டி, அதனுள் காற்றை ஏற்றி, மணிக்கட்டில் நாடித்துடிப்பு மறையும் கணத்தில் பாதரச நிரல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே அம்முறை. இதில் மணிக்கட்டைத் தொட்டிருப்பது பழைய நாடி வைத்தியர் தொட்ட அதே இடந்தான். விரல் உணர்ந்ததற்கு ஒரு எண் கிடைத்ததே புதுமை. அவ்வெண் இதயம் சுருங்கும்போது ஏற்படும் உச்ச அமுக்கம், அதாவது சுருக்க அமுக்கம், மட்டுமே. இதயம் தளர்ந்திருக்கும் இடைவேளையிலும் நாடிச் சுவரில் எஞ்சியிருக்கும் தளர்வு அமுக்கத்தை விரலால் பிடிக்க முடியவில்லை. அதற்கு வழி கண்டவர் ரஷ்ய இராணுவ வைத்தியர் நிக்கொலாய் கொரொத்கொவ். பட்டிக்குக் கீழே முழங்கை மடிப்பில் ஸ்தெதஸ்கோப்பை வைத்து, காற்றை மெல்ல இறக்கும்போது முதல் ஒலி கேட்கும் இடம் சுருக்க அமுக்கம் என்றும் ஒலி முற்றாக மறையும் இடம் தளர்வு அமுக்கம் என்றும் கொள்ளலாம் என்பதை அவர் 1905இல் சென்பீற்றர்ஸ்பேர்க்கில் மிகச் சுருக்கமான ஓர் அறிக்கையில் கூறினார். அன்றுமுதல் விரலின் இடத்தைக் காது பெற்றது.

ரிவா-ரொச்சியின் பட்டி மிகக் குறுகலானது. ஐந்து சென்ரிமீற்றர் அளவே அகலம். அத்தகைய பட்டி அமுக்கத்தை உள்ளதைவிட உயர்த்திக் காட்டும் என்பதை 1901இல் வொன் ரெக்லிங்ஹவுசன் சுட்டிக்காட்டிய பின்னரே அகன்ற பட்டி வழக்கிற்கு வந்தது. ஐந்து ஆண்டுகளில் திருத்தப்பட்ட இந்தத் தவறு, கைக்குப் பொருந்தாத பட்டி என்னும் வேறு வடிவில் இன்றைய வீடுகளுக்குள் திரும்பி வந்திருக்கிறது.

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் அக்காலத்தில் வைத்தியத்தின் அக்கறை வேறிடத்தில் இருந்தது. கோப்பித் தோட்டங்களின் தொழிலாளருக்கு வைத்திய வசதி அளிப்பதற்கான முதற் சட்டம் 1872இல் வந்தது. கோப்பி நோயினால் அழிந்து தேயிலை பரவிய பின்னர், 1912இல் அது விரிவாகத் திருத்தி எழுதப்பட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியும் அங்கிருந்து மருந்து கொடுத்த டிஸ்பென்சரும் இச்சட்டங்களின் விளைவாக ஊன்றிய அமைப்புகள். கொலரா, அம்மை, வயிற்றோட்டம் ஆகியவையே அவர்கள் முன்னிருந்த எதிரிகள். ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு கொக்கிப்புழுவை ஒழிக்கும் இயக்கம் 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியபோது, வெறுங்காலோடு மலையேறிய தொழிலாளரின் குருதியைப் புழு உறிஞ்சுவதால் உண்டாகும் சோகையே பேசுபொருளாக இருந்தது. குருதி குறைந்து வெளிறிப்போன உடலில் குருதியின் அமுக்கத்தைப் பற்றி எண்ண அன்று யாருக்கும் இடமிருக்கவில்லை. ஐம்பது வயதைக் கடந்து வாழ்வோர் பெருகிய பின்னரே உயர் குருதியமுக்கம் ஒரு சமூகத்தின் நோயாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அவ்வகையில் மலைநாட்டில் பிரஷர் என்ற சொல் பரவியதை, மக்களின் ஆயுள் நீண்டதன் அடையாளமாகவும் கொள்ள வேண்டும்.

அளந்து கண்ட உயர்வுக்கு மருந்து இல்லாதவரை அளவுக்குப் பெரிய பயனும் இருக்கவில்லை. இந்த நிலையை மாற்றியவற்றுள் முதலாவது தென்னாசியாவின் செடி ஒன்று. தமிழில் சர்ப்பகந்தி என்றும் சிங்களத்தில் ஏகவேரிய என்றும் பெயர்பெற்ற அதன் வேரை நாட்டு வைத்தியர்கள் பாம்புக்கடிக்கும் சித்தக் கலக்கத்துக்கும் நெடுங்காலம் கொடுத்து வந்தனர். அவ்வேர் குருதியமுக்கத்தைத் தணிப்பதைப் பம்பாயின் இதய வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரித்தானிய இதயவியல் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை உலகறியச் செய்தது. 1952இல் அதன் வீரியப் பொருளான ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. 1958இல் தயசைட் வகைச் சிறுநீர்ப்பெருக்கி மருந்துகளும், 1960களில் புரொப்ரனலோலும் வந்தன. மருந்து கொடுத்து அமுக்கத்தைக் குறைத்தால் பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் குறையும் என்பதை அமெரிக்காவில் எட்வர்ட் ஃபிரெய்ஸ் தலைமையில் நடந்து 1967இலும் 1970இலும் வெளியான ஆய்வுகள் ஐயமின்றி நிறுவின. நோயாளி எந்த வருத்தத்தையும் உணராத நிலையில், ஓர் எண்ணை மட்டும் நம்பி ஆயுள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டும் என்ற புதிய வகை வைத்தியம் அதிலிருந்து தொடங்கியது. அவ்வெண் தவறானால் மருந்தும் தவறாகும்.

இதே ஆண்டுகளில் கண்டி இலங்கையின் மருத்துவக் கல்வியில் இரண்டாவது தலைநகராகியது. 1870இல் கொழும்பில் தோன்றிய மருத்துவக் கல்லூரிக்கு அடுத்ததாக, 1962இல் பேராதனையில் மருத்துவ பீடம் நிறுவப்பட்டு, கண்டிப் பொது வைத்தியசாலை அதன் பயிற்சிக்களமாயிற்று. பேராதனைப் போதனா வைத்தியசாலை 1980இல் திறக்கப்பட்டது. கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்று, மருந்தியல் பேராசிரியராகி, பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் விளங்கிய சேனக பிபிலேயின் பெயர் இங்கு தவறாமல் நினைக்கப்பட வேண்டியது. மருந்துகளை வணிகப் பெயர்களில் வாங்காமல் அவற்றின் பொதுப்பெயரில், தேவையான அளவுக்கு, அரசே மொத்தமாக வாங்க வேண்டும் என்ற அவருடைய கொள்கையிலிருந்து 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. நாட்சம்பளத்தில் வாழும் ஒரு தோட்டத் தொழிலாளி பிரஷருக்கான குளிசைகளைக் கட்டணமின்றி மாதந்தோறும் பெறக்கூடிய ஏற்பாட்டுக்கு அக்கொள்கை பெரிதும் துணைநின்றது. வேறு பல நாடுகளில் ஏழைகளுக்கு எட்டாத ஒன்றை இலங்கையின் அரச கிளினிக்குகள் எளிதாக்கின. அது இந்நாட்டின் பெரும் சாதனைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்தக் கிளினிக்கே தவறான அளவுக்கும் இடமாகியது. கலஹாவிலோ தெல்தோட்டையிலோ புசல்லாவையிலோ உள்ள ஒரு தோட்டத்திலிருந்து கண்டிக்கோ பேராதனைக்கோ வருபவர் விடியுமுன் எழுந்து, லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பிலிருந்து பஸ் நிற்கும் இடம்வரை ஏறியோ இறங்கியோ நடந்து, நெரிசலில் நின்றபடி பயணம் செய்து, இலக்கம் எடுத்து, நெடுநேரம் காத்திருந்து, கிளினிக் கொப்பியோடு வைத்தியரின் மேசைக்கு அருகே உட்காரும் கணத்திலேயே பட்டி கட்டப்படுகிறது. இருந்து இளைப்பாற ஐந்து நிமிடம் கொடுப்பதற்கு வரிசை இடந்தருவதில்லை. நாடி வைத்தியர் வழிநடந்து வந்தவனின் கையைத் தொடமாட்டேன் என்று சொல்லியிருப்பார். நூற்றுக்கணக்கானோரை ஒரே காலைப்பொழுதில் பார்க்க வேண்டிய வைத்தியருக்கு அந்த வசதி இல்லை. இதனோடு வைத்தியரின் முன்னிலை தரும் பதற்றமும் சேர்கிறது. இத்தாலியில் மன்சியாவும் அவருடைய குழுவினரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், நாடிக்குள் வைத்த நுண்குழாயால் இடையறாது அமுக்கத்தைப் பதிந்துகொண்டிருந்த நோயாளர்களின் கட்டிலருகே வைத்தியர் வந்து நின்றதும் சுருக்க அமுக்கம் சராசரியாக ஏறத்தாழ 27 மில்லிமீற்றர் ஏறியது. வெள்ளை அங்கியைக் கண்டு உயரும் அமுக்கம் என்று பின்னர் பெயர்பெற்ற இந்நிலைக்கு எதிரான ஒன்றும் உண்டு: கிளினிக்கில் சரியாகத் தோன்றி, வீட்டிலும் வேலைத்தலத்திலும் உயர்ந்து நிற்கும் மறைந்த உயரமுக்கம். முன்னையது தேவையற்ற மருந்தைத் தரும்; பின்னையது தேவையான மருந்தைத் தடுக்கும்.

வீட்டில் அளந்தால் அளவு வேறுபடும் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவில் அய்மன், கோல்ட்ஷைன் என்ற இருவர், நோயாளர்களுக்கோ வீட்டாருக்கோ பட்டி கட்டவும் ஒலி கேட்கவும் கற்பித்து, வீட்டு அளவுகள் கிளினிக் அளவுகளைவிடத் தாழ்ந்திருப்பதை 1940இலேயே வெளியிட்டனர். ஆனால் பாதரச நிரலும் ஸ்தெதஸ்கோப்பும் பயிற்சி பெற்ற காதை வேண்டின. எனவே அம்முறை பரவவில்லை. 1970களில் வந்த அலைவுமானி முறை அந்தத் தடையை நீக்கிற்று. பட்டியிலிருந்து காற்று இறங்கும்போது, நாடியின் ஒவ்வொரு துடிப்பும் பட்டிக்குள் சிறு அலைவை உண்டாக்கும். அலைவு மிகப் பெரிதாகும் இடம் சராசரி அமுக்கம். அதிலிருந்து சுருக்க, தளர்வு அமுக்கங்களைக் கருவி தன் உள்ளே வைத்துள்ள கணிப்பு முறையால் வருவிக்கிறது. அக்கணிப்பு முறை ஒவ்வொரு உற்பத்தியாளருக்கும் தனித்தனி, வெளியாருக்குக் காட்டப்படாதது. ஆகவே திரையில் தோன்றும் எண் கருவி நேரே கண்டதன்று, ஊகித்தது. இக்காரணத்தால்தான் பயிற்சிபெற்ற இருவர் ஸ்தெதஸ்கோப்பால் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டுத் தேர்ச்சிபெற்ற மாதிரியா என்று பார்த்துக் கருவியை வாங்க வேண்டியிருக்கிறது. கண்டி பாமசிகளின் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கும் கருவிகளுக்கிடையே விலையைவிட முக்கியமான வேறுபாடு அதுவே. மணிக்கட்டில் கட்டும் வகை, கையை இதய மட்டத்தில் வைத்திருப்பது கடினம் என்பதால், மேற்கையில் கட்டும் வகைக்கு ஈடாவதில்லை.

ஜப்பானின் ஒஹசமா என்னும் விவசாய ஊரில் 1987இல் தொடங்கிய ஆய்வு, குடும்பந்தோறும் கருவியைக் கொடுத்து, மக்களே தம் வீட்டில் அளந்த அளவுகள் நோயையும் மரணத்தையும் முன்னறிவிப்பதில் சுகாதாரப் பரிசோதனையின் அளவுகளை விஞ்சுகின்றன என்று காட்டியது. சுருக்க அமுக்கத்தை முன்னும் தளர்வு அமுக்கத்தைப் பின்னும் வைத்து, வைத்தியசாலையில் 140/90 என்று கொள்ளும் எல்லையை வீட்டில் 135/85 என்று கொள்ளும் வழக்கம் இத்தகைய ஆய்வுகளிலிருந்து பிறந்தது. பாதரசத்தின் நச்சைத் தடுக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்து, பாதரச அமுக்கமானிகளின் உற்பத்திக்கும் இறக்குமதிக்கும் 2020ஐ எல்லையாக வைத்ததும், புவசேயின் நிரல் வைத்தியசாலையிலிருந்தே விடைபெறத் தொடங்கியது. அந்த ஆண்டிலேயே கொவிட் பெருந்தொற்று கிளினிக் வாயில்களை மூடவைத்தது. மருந்துப் பொதிகளைத் தபாற்காரர்கள் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தனர். பொருளாதார நெருக்கடி உச்சமடைந்த 2022இல் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டினால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்தும் நிலை வந்தது. எரிபொருளின்றிப் பஸ்களும் குறைந்தன. மருந்து வீட்டுக்கு வந்தது, வைத்தியர் வரவில்லை. அமுக்கத்தை அளக்கும் பொறுப்பு வீட்டாரிடம் விழுந்தது.

கருவி மலையேறும்போது காற்றமுக்கம் குறைவதால் எண் பிழைக்குமோ என்ற ஐயம் சிலருக்கு எழுவதுண்டு. பட்டிக்குள் இருக்கும் அமுக்கம் சுற்றியுள்ள காற்றின் அமுக்கத்துக்கு மேலாக எவ்வளவு என்பதையே கருவி அளக்கிறது. ஆதலால் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டிக்கும் அதற்கு மேலுள்ள தோட்டங்களுக்கும் தனித் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. பிழை உயரத்தால் வருவதன்று, உடல் அமர்ந்திருக்கும் விதத்தால் வருவது. கட்டிலின் ஓரத்திலோ தரையிலோ முதுகுக்குச் சாய்வின்றி அமர்ந்து, கையைத் தொங்கவிட்டு அளந்தால் அமுக்கம் கூடித் தெரியும். பட்டி கட்டிய இடம் இதய மட்டத்திலிருந்து பத்து சென்ரிமீற்றர் தாழ்ந்தால் ஏறத்தாழ எட்டு மில்லிமீற்றர் கூடும். உயர்ந்தால் அதே அளவு குறையும். இது கருவியின் குறையன்று. கையிலுள்ள குருதி நிரலின் எடை. கால்மேல் கால் போட்டிருப்பது, பேசிக்கொண்டிருப்பது, சிறுநீரை அடக்கிக்கொண்டிருப்பது ஆகிய ஒவ்வொன்றும் சில மில்லிமீற்றர்களைச் சேர்க்கும். அரைமணிக்கு முன் குடித்த சாயத் தேத்தண்ணியும், வாயில் அடக்கிய வெற்றிலையோடு சேர்ந்த புகையிலையும் அவ்வாறே. மலைநாட்டின் விடியற்குளிரில் நாடிகள் சுருங்குவதால் அமுக்கம் இயல்பாகவே ஏறும். குளிருக்கு அணிந்த சுவெற்றருக்கு மேல் பட்டியைக் கட்டுவதும், இறுகிய சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டுக் கட்டுவதும் வேறு பிழைகளைக் கொண்டுவரும்.

பட்டியின் அளவு பற்றித் தனித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான கருவிகளோடு வரும் நடுத்தரப் பட்டி 22 முதல் 32 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள மேற்கைக்கு உரியது. பருத்த கைக்கு அது சிறிதாகி அமுக்கத்தை வெகுவாக உயர்த்திக் காட்டும் என்பது பரவலாகச் சொல்லப்படுகிறது. மெலிந்த கைக்கு அது பெரிதாகி அமுக்கத்தைத் தாழ்த்திக் காட்டும் என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. நெடுங்காலம் கொழுந்து பறித்து முதுமையடைந்த பெண்களின் கை பலவேளை அந்த 22 சென்ரிமீற்றருக்கு அருகிலோ கீழேயோ இருக்கக்கூடும்; அவர்களிடம் நல்லதாகத் தோன்றும் எண் நோயை மறைத்துவிடும். தையற்காரரின் நாடாவால் கையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் பட்டியை வாங்குவதில் எந்தச் செலவும் இல்லை.

இந்நிபந்தனைகள் தோட்ட மக்களுக்கு விளங்காத நுட்பங்கள் என்று எண்ணுவது பெருந்தவறு. நிறுவையின் நியாயத்தை அவர்களைவிட நுட்பமாக அறிந்தோர் குறைவு. பறித்த கொழுந்தைத் தராசில் தொங்கவிடும்போது கூடைக்கு எவ்வளவு கழிப்பது, மழைநாளில் இலையின் ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது, முள் ஆடி நிற்குமுன் கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிடுகிறாரா என்பவை தலைமுறைகளாக அவர்கள் கவனித்தும் வாதாடியும் வந்த விடயங்கள். தொழிற்சங்கங்களின் முறைப்பாடுகளில் இடையறாது இடம்பெற்றவை. அன்றைய பேர், அதாவது முழுநாட் சம்பளம், விழுமா, அரைப்பேராகுமா என்பது அந்த எண்ணில் தங்கியிருந்தது. கூடையின் எடையைக் கழிக்காத நிறுவை பொய் என்று அறிந்தவருக்கு, மலையேறி வந்த களைப்பைக் கழிக்காத அமுக்கமும் பொய் என்பதை விளக்க நீண்ட பாடம் வேண்டியதில்லை. குறை அவர்களின் அறிவில் இல்லை. கருவியோடு வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதும், விற்பவர் பொத்தானை மட்டும் காட்டிவிட்டு அனுப்புவதுமே குறை. பட்டியைக் கட்டவும் அமரவும் எழுதவும் தாய்மொழியில் ஒருவர் அருகிருந்து காட்டினால் போதும்.

அவ்வாறு காட்டக்கூடியவர்கள் இம்மலைகளில் முன்பே இருக்கிறார்கள். தாய் சேய் நலக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளின் அமுக்கம் தவறாமல் பதியப்படுவதால், பல பெண்களின் கையில் பட்டி முதன்முதலாகச் சுற்றப்படுவது கர்ப்பகாலத்தில். ஆண்களுக்கோ அது நடுவயதைக் கடந்தும் நிகழாமல் போவதுண்டு. 2011 முதல் நாடெங்கும் அமைக்கப்பட்ட சுகவாழ்வு நிலையங்கள் நடுவயதினரை அழைத்துப் பரிசோதிக்கத் தோன்றியவை. 2021இல் நடந்த தேசிய ஆய்வு, வளர்ந்தோரில் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு உயர் குருதியமுக்கம் இருப்பதைக் காட்டியபோது, நிலையத்துக்கு வராதவர்களைத் தேடிச் செல்ல வேண்டிய தேவை வெளிப்பட்டது. பங்களாதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில் 2,645 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. பயிற்சி பெற்ற அரச சுகாதாரப் பணியாளர்கள் வீடுதேடிச் சென்று இலத்திரனியல் கருவியால் அளந்து, அறிவுரை கூறி, தேவையானோரை வைத்தியரிடம் அனுப்பிய இடங்களில், இரண்டு ஆண்டுகளில் சுருக்க அமுக்கம் மற்ற இடங்களைவிட 5 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது. இலங்கையில் அப்பணியைச் செய்தவர்கள் கிராமங்கள் நன்கறிந்த மருத்துவமாதர். தோட்டங்களில் கர்ப்பிணிகளின் வீடுகளுக்குச் செல்லும் அதே மருத்துவமாது, அவ்வீட்டின் மூத்தோருக்கும் பட்டி கட்டக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு கண்டி மாவட்டத்தில் நிலைபெற வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

அவர்கள் கற்பிக்க வேண்டிய முறை எளியது. முதல்நாள் இரு கைகளிலும் அளந்து, கூடிய எண் வந்த கையையே பின்னர் பயன்படுத்த வேண்டும். காலையில் சிறுநீர் கழித்தபின், தேத்தண்ணிக்கும் குளிசைக்கும் முன், முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிந்து, வெறுங்கையை மேசையிலோ தலையணையிலோ இதய மட்டத்தில் தாங்கவைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளப்பது. இரவு உறங்கப்போகுமுன் அதேபோல் இரண்டு தடவை. இதயத்துடிப்பு சீரற்றோரும் கர்ப்பிணிகளும் தமக்கெனச் சோதிக்கப்பட்ட கருவியையே நம்ப வேண்டும். சுருக்க அமுக்கம் 180ஐயோ தளர்வு அமுக்கம் 120ஐயோ தாண்டிய அளவு இளைப்பாறி அளந்தும் மாறாமல் நின்றாலும், நெஞ்சுவலியோ கைகால் விளங்காமையோ பேச்சுக் குழறலோ கூடவந்தாலும், கொப்பியை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மற்றவர்கள் ஏழு நாள் தொடர்ந்து, நல்ல எண் கெட்ட எண் என்று தெரிவுசெய்யாமல், வந்த எண்ணை வந்தபடி ஒரு பாடசாலைக் கொப்பியில் நாளும் நேரமும் இட்டு எழுதினால் 28 சோடி எண்கள் சேரும். அடுத்த கிளினிக் நாளில் அந்தக் கொப்பி வைத்தியரின் மேசைக்குப் போகும்போது, கருவி பழகாத பதற்றம் கலந்திருக்கும் என்பதால் முதல்நாளின் நான்கையும் அவர் கோடிட்டு விலக்குவார். எஞ்சிய 24இன் சராசரியை 135/85ஓடு ஒப்பிட்டு, குளிசையைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவுசெய்வார்.